வால்மீனா, விண்கல்லா, பூமியேதானா: கடல் நீர் குறித்துக் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

பெரியப்பா: கடல்களிலுள்ள நீர் முழுவதையும் வால்மீன்களே கொண்டுவந்து சேர்த்தன என்று சொல்லும் காணொளி ஒன்றை இங்கே பகிர்ந்திருக்கிறேன். மீனாட்சி, நீ நிலவியல் படித்தவள். இது முடிவான செய்திதானா?

மீனாட்சி அத்தை: இல்லை, அண்ணா. சூரியனுக்கு இவ்வளவு அருகில் வெப்பம் மிகுந்திருந்ததால் இங்கே பனிக்கட்டி உறைந்திருக்க முடியாது, ஆகவே பூமி வறண்டே பிறந்தது, நீர் பிறகுதான் வந்தது என்று நெடுங்காலம் எண்ணினார்கள். பனி நிறைந்த வால்மீன்கள் அந்தக் கதைக்கு வசதியாக அமைந்தன.

கதிர்: எங்கிருந்து வந்தாலும் நீர் நீர்தானே, அத்தை? அதன் பிறப்பிடத்தை எப்படிக் கண்டறிகிறார்கள்?

மீனாட்சி அத்தை: ஹைட்ரஜனில் டியூட்டீரியம் என்ற கனமான வகை உண்டு. கடல் நீரில் பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஏறத்தாழ 156 டியூட்டீரியம் அணுக்கள் இருக்கின்றன. நீர் உருவான இடத்தின் குளிரைப் பொறுத்து இந்த விகிதம் மாறுவதால், அதைக் கைரேகை போலப் பயன்படுத்துகிறார்கள். 1986இல் ஹாலி வால்மீனை நெருங்கிச் சென்ற ஜியோட்டோ விண்கலம் கடல் நீரைப் போல இரு மடங்கு அளவைக் கண்டது. 2014இல் 67பி வால்மீனை அடைந்த ரொசெட்டா மூன்று மடங்குக்கும் மேலாகக் கண்டது. அத்துடன் வால்மீன் கட்சி தோற்றுவிட்டதாகவே பலர் நினைத்தார்கள்.

இளமதி: ஆனால் 2010இல் ஹெர்ஷல் விண்தொலைநோக்கி ஆராய்ந்த ஹார்ட்லி 2 வால்மீனின் நீர் கடல் நீரை ஒத்திருந்ததே, அத்தை? மேலும் ரொசெட்டாவின் தரவுகளை மீண்டும் அலசிய 2024ஆம் ஆண்டு ஆய்வு, வால்மீனைச் சுற்றியிருந்த தூசித் துகள்களே அந்த அளவை உயர்த்திக் காட்டின என்கிறது. அப்படியானால் வால்மீன்களை விலக்க முடியாதல்லவா?

மீனாட்சி அத்தை: சரியான இடத்தைப் பிடித்துவிட்டாய், இளமதி. டியூட்டீரியத்தை மட்டும் வைத்து அவற்றை விலக்க முடியாது. எனக்கு வலுவாகத் தோன்றும் சான்று செனான் வாயு. நம் காற்று மண்டலத்திலுள்ள செனானில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வால்மீன்களிலிருந்து வந்தது என்பது ரொசெட்டாவின் அளவீடுகளிலிருந்து தெரிந்தது. அவ்வளவு செனானைக் கொண்டுவந்த பனியின் அளவைக் கணக்கிட்டால், அது கடல்களின் நீரில் ஒரு விழுக்காடு அளவுக்கே வருகிறது.

பெரியப்பா: மீதி நீருக்கு யார் பொறுப்பு?

மீனாட்சி அத்தை: அடுத்ததாக முன்வைக்கப்பட்டவை கார்பன் மிகுந்த விண்கற்கள். அவற்றின் களிமண் கனிமங்களுக்குள் நீர் அடைபட்டிருக்கிறது, டியூட்டீரிய விகிதமும் கடல் நீருக்கு நெருக்கமாக இருக்கிறது. 2021இல் இங்கிலாந்தின் வின்ச்கோம்பில் விழுந்து, சில மணி நேரத்திலேயே சேகரிக்கப்பட்ட கல்லும் அதையே உறுதிப்படுத்தியது. சிக்கல் என்னவென்றால், பூமியின் ஆக்சிஜன், டைட்டானியம் போன்றவற்றின் ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகள், இவற்றோடு பொருந்தாமல், என்ஸ்டடைட் கான்ட்ரைட் என்னும் மற்றொரு வகை விண்கற்களோடு பொருந்துகின்றன. பூமி திரண்ட மூலப்பொருளை ஒத்தவை என்று கருதப்படும் இந்தக் கற்கள் வறண்டவை என்பதுதான் பழைய எண்ணம். 2020இல் விண்கல் ஆய்வாளர் லோரெட் பியானியும் அவருடைய குழுவினரும் அளந்து பார்த்தபோது, கடல்களைப் போல மூன்று மடங்கு நீரையாவது உருவாக்கப் போதுமான ஹைட்ரஜனை அவை பூமிக்குத் தந்திருக்க முடியும் என்று தெரியவந்தது. கடல்கள் பூமியின் மொத்த நிறையில் நாலாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதை நினைத்தால், இது அவ்வளவு வியப்பல்ல.

பெரியப்பா: நில், மீனாட்சி. பூமியில் விழுந்து கிடந்த கல் நம் ஈரத்தையே உறிஞ்சியிருக்கலாமே?

மீனாட்சி அத்தை: இந்தக் கேள்வியைத்தான் எதிர்த்தரப்பும் எழுப்பியது, அண்ணா. அண்டார்க்டிகாவில் கிடைத்த அத்தகைய கல் ஒன்றை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025இல் ஆராய்ந்தார்கள். துருவும் விரிசலும் இருந்த பகுதிகளில் ஹைட்ரஜன் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தது. மாசு படாத பகுதிகளில் அது கந்தகத்தோடு பிணைந்து நிறைந்திருந்தது. வெளியிலிருந்து புகுந்திருந்தால் நிலைமை தலைகீழாக இருந்திருக்கும். ஒரே ஒரு கல்லை வைத்து வழக்கை முடிக்க மாட்டேன் என்றாலும், பூமி பிறக்கும்போதே நீரின் பெரும்பகுதியைத் தன்னுள் கொண்டிருந்தது என்ற பக்கமே நான் சாய்கிறேன்.

இளமதி: மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜேக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்கான் என்ற கனிமத்தின் படிகங்களும் அதற்கு இசைவாகத்தான் இருக்கின்றன, அத்தை. அவற்றில் மிகப் பழையவை ஏறத்தாழ 440 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் அப்போதே திரவ நீர் இருந்ததைக் காட்டுகிறது. நீர் மிகவும் தாமதமாக வந்திருந்தால் அது எப்படிச் சாத்தியமாகும்?

மீனாட்சி அத்தை: மிகவும் தாமதமாக வந்தது என்ற கருத்துக்கு அது இடைஞ்சல்தான். ஆனால் பூமி திரண்டுகொண்டிருந்தபோதே கார்பன் விண்கற்கள் வந்து சேர்ந்திருக்கலாம் என்பதால், அந்தத் தரப்பு இன்னும் வீழவில்லை. இப்போதைய சண்டை பங்கு எவ்வளவு என்பதில்தான்.

கதிர்: பூமிக்குள் ஆழத்தில் இருக்கும் நீரை அளந்து பார்த்தால் பங்கு தெரிந்துவிடாதா?

மீனாட்சி அத்தை: அவ்வளவு ஆழத்துக்கு யாரும் துளையிட்டதில்லை, கதிர். கனடாவின் பாஃபின் தீவில், ஆழத்திலிருந்து மேலெழுந்த எரிமலைப் பாறைகளை 2015இல் ஆராய்ந்தபோது, அவற்றுள் சிக்கியிருந்த நீரில் டியூட்டீரியம் கடல் நீரைவிடக் குறைவாக இருந்தது. சூரியனைச் சூழ்ந்திருந்த தொடக்ககாலத் தூசியிலிருந்தே நேரடியாக வந்த நீர் அது என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. அது சரியென்றால், இதுவரை பேசிய பட்டியலில் இன்னொரு மூலத்தையும் சேர்த்துப் பங்கு பிரிக்க வேண்டியிருக்கும்.