கேத்ரின் கிரேஞ்சர்: ஒரே வெள்ளி மெடலுக்கு ஒரு தடவ அழுகை, ஒரு தடவ சிரிப்பு, ஏன்?

பனைமரத்தான்:
ரோயிங் (துடுப்பு படகு போட்டி) தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. பிரிட்டன் வீராங்கனை கேத்ரின் கிரேஞ்சரோட பழைய ரேஸ் வீடியோவா பாத்துட்டு இருக்கேன். 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங், மூணுலயும் வெள்ளி, 2012 லண்டன்ல தங்கம், 2016 ரியோல திரும்ப வெள்ளி. பெய்ஜிங் மேடைல நாலு பேரும் துக்க வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறாங்க, ரியோல பாத்தா அதே வெள்ளிக்கு வாயெல்லாம் பல்லு. அதுவும் தங்கம் வாங்கியாச்சு, பேசாம வீட்டுல இருக்காம 40 வயசுல எதுக்கு ரியோல திரும்ப ஓட்ட வந்தாங்க? காசு பெருசா வருமா இதுல?

அலைவாய்க்கரை:
காசா, நல்லா கேட்டீங்க போங்க 😄 1997ல இருந்து லாட்டரி பணத்துல கவர்மெண்ட் ஒரு உதவித்தொகை குடுக்க ஆரம்பிச்சுது, அதுல சாப்பாடு வாடகை ஓடும், அவ்வளவுதான், டென்னிஸ் மாதிரி நெனைக்காதீங்க.

வெள்ளி மேட்டருக்கு வரேன். சிட்னில பிரிட்டன் பொண்ணுங்க ரோயிங்ல அதுவரைக்கும் ஒரு ஒலிம்பிக் மெடல் கூட வாங்குனதில்ல. நாலு பேர் போட்ல ஜெர்மனிக்கு அப்புறம் ரஷ்யாவும் இவங்களும் ஒண்ணா வந்து முட்ட, போட்டோ பாத்துதான் வெள்ளி யாருக்குன்னே சொன்னாங்க. அந்த வெள்ளி அவங்களுக்கு லாட்டரி அடிச்ச மாதிரி. பெய்ஜிங் கதையே வேற. 2005, 2006, 2007 வரிசையா மூணு வருஷம் உலக சாம்பியன், தங்கம் எடுக்கத்தான் போனாங்க, ரேஸ் பூரா முன்னாடி இருந்துட்டு கடைசில சீனா தாண்டி போயிடுச்சு. இதுல இன்னொரு கொடுமை என்னன்னா ரோயிங்ல போற திசைக்கு முதுகு காட்டித்தான் உக்காந்து ஓட்டுவாங்க, அதனால முன்னாடி போறவங்களுக்கு பின்னாடி வர்றவங்க எல்லாம் கண்ணு முன்னாடியே தெரியும். துரத்தி வர்றத பாத்துக்கிட்டே தோக்கணும், ஓட்டப்பந்தயத்துல அந்த இம்சை கிடையாது.

குவாட்ராணி:
மேல சொன்னது கரெக்ட். ஆனா பெய்ஜிங் அப்புறம் நடந்ததுதான் எனக்கு பெரிய விஷயம். நாலு பேர் போட்ட விட்டுட்டு 2009ல தனியா ஒத்தை ஆளா ஓட்டி பெலாரஸ் கார்ஸ்டனுக்கு பின்னாடி உலக சாம்பியன்ஷிப் வெள்ளி (திரும்பவும் வெள்ளி, பாவம்), 2010ல அன்னா வாட்கின்ஸ் கூட டபுள் ஸ்கல்ஸ் (ரெண்டு பேர், ஆளுக்கு ரெண்டு துடுப்பு). ரெண்டு பேரும் சேந்ததுல இருந்து லண்டன் வரைக்கும் ஒரு ரேஸ் கூட தோக்கல. ரெண்டு பேர் போட்ல ஒருத்தி துடுப்பு துளி லேட்டா தண்ணில விழுந்தா போட் ஆடிடும், இவங்க போட்ட பாத்தா ஒரே ஆள் ஓட்டற மாதிரி இருக்கும். லண்டன் ஒலிம்பிக் ரோயிங் நடந்த ஈட்டன் டோர்னில ஹீட்ஸ்லயே (முதல் சுத்துலயே) ஒலிம்பிக் ரெக்கார்ட் போட்டுட்டு, பைனல்ல ஆஸ்திரேலியாவ பின்னாடி விட்டுட்டு தங்கம்.

எனக்கு பிடிச்ச இன்னொண்ணு, பயிற்சிக்கு நடுவுலயே லண்டன் கிங்ஸ் காலேஜ்ல பிஎச்டி பண்ணிட்டு இருந்தாங்க, தலைப்பு கொலை வழக்குல தண்டனை குடுக்கறது பத்தி!! முடிச்சது 2013ல. ரோயிங் தொட்டதே 1993ல எடின்பரோ யுனிவர்சிட்டி போனப்புறம்தான், அதுக்கு முன்னாடி கராத்தே, பிளாக் பெல்ட். நம்ம ஊர்ல அஞ்சு வயசுலயே கோச்சிங் சேக்கலன்னா அவ்ளோதான்னு பயமுறுத்தறவங்களுக்கு இத அனுப்பி வைக்கலாம்.

பனைமரத்தான்:
கொலை தண்டனை பிஎச்டியா, யாருப்பா அந்தம்மா கிட்ட போட்டி போட தைரியம் வந்தது 😂 சரி ரியோ சிரிப்பு?

அலைவாய்க்கரை:
லண்டன் அப்புறம் ரெண்டு வருஷம் ஒதுங்கி இருந்துட்டு 2014ல திரும்ப வந்தாங்க. ஏன்னா, தண்ணிய விட முடியல, வேற காரணம் எதுவும் எனக்கு தோணல. புது ஜோடி விக்கி தோர்ன்லி, ஜோடி செட்டே ஆகல. 2016ல ஒலிம்பிக்குக்கு கொஞ்சம் முன்னாடி ரெண்டு பேரையும் டபுள்ஸ்ல இருந்து எடுத்து எட்டு பேர் போட்டுக்கு ட்ரை பண்ணி பாத்தாங்க, அதுலயும் இடம் இல்லன்னுட்டாங்க, அப்புறம் வேற வழி இல்லாம திரும்ப டபுள்ஸுக்கே அனுப்புனாங்க. பேப்பர்காரங்க யாரும் மெடல் எதிர்பாக்கல. பைனல்ல பாத்தா ரொம்ப தூரம் இவங்கதான் லீடு, போலந்து கடைசில புடிச்சுது, வித்தியாசம் ஒரு செகண்டுக்கும் கம்மி. தோத்த மாதிரி எப்படி நிப்பாங்க சொல்லுங்க, டீம்லயே இடம் இல்லன்னு சொன்னவங்க.

குவாட்ராணி:
அந்த போலந்து போட்ல இருந்த ஃபுலார்சிக் லண்டன்ல இவங்களுக்கு பின்னாடி வெண்கலம் வாங்குனவங்க, நாலு வருஷம் கழிச்சு கணக்கு தீத்துட்டாங்க.

ஆனா ஒரு விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன், 2004 ஏதென்ஸ் வெள்ளிய யாருமே பேசறதில்ல. கேத் பிஷப் கூட ஆளுக்கு ஒரே துடுப்பு வச்சு ஓட்டற போட், அதுக்கு முந்தின வருஷம் உலக சாம்பியன், ஏதென்ஸ்ல ருமேனியா ஜெயிச்சுது. ரெண்டு துடுப்பு ஓட்டறது ஒரு வித்தை, ஒரு துடுப்பு வேற வித்தை, உடம்பு ஒரு பக்கமா திருகி இழுக்கணும். ரெண்டுலயும் உலக சாம்பியன் ஆனவங்க ரொம்ப கம்மி. பனைமரத்தான், அந்த ரேஸ் கிடைச்சா பாருங்க.

பனைமரத்தான்:
தேடிட்டேன், கிடைச்சிருச்சு. அப்புறம் என்ன பண்ணாங்க அவங்க?

அலைவாய்க்கரை:
ரியோ அப்புறம் யுகே ஸ்போர்ட்டுக்கு 2017ல இருந்து 2025 வரைக்கும் சேர்மனா இருந்தாங்க, எந்த விளையாட்டுக்கு எவ்ளோ பணம்னு முடிவு பண்ற எடம். அதே லாட்டரி பணம்தான்.