முட்டம் பக்கம் மே மாத அலை எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மே கடைசி வாரம் நானும் தம்பியும் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம், கடியப்பட்டணம் பக்கம் சர்ஃபிங் செய்யலாம் என்று இருக்கிறோம். மணல் கரையில்தான் பழக்கம். பாறை மேல் உடையும் அலை எங்களுக்குப் புதிது.

செயலியில் அலை உயரம் ஒரு மீட்டர்தான், சாதுவாகத் தெரிகிறது. ஆனால் அலைக்கு அலை 16 நொடி இடைவெளி என்றும் போட்டிருக்கிறது, அதுதான் உறுத்துகிறது. இடைவெளி இவ்வளவு நீண்டால் அது தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலையாக இருக்கலாம். அப்படிப்பட்ட அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடலாக, அதாவது முன்னறிகுறி இல்லாமல் பொங்கி, கரையில் ஏறிவிடும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் அரசு மையமான இன்காய்ஸின் எச்சரிக்கை இருந்தால் இறங்கவே மாட்டோம், அது முடிவு.

தெரிய வேண்டியது இதுதான். வற்றத்தில், அதாவது கடல் நீர் இறங்கும்போது, பார் (நீருக்கடியில் உள்ள பாறை) எவ்வளவு வெளியே தெரியும்? காலையில் கரைக்காற்று எத்தனை மணி வரை நிற்கும்? பருவமழைக்கு முன்பே கடல் கலங்கிவிடுமா? அப்புறம், வள்ளங்கள் வந்துபோகும் வழி எது? தொழிலுக்குப் போகிற அண்ணன்மாருக்கு நாங்கள் குறுக்கே நிற்கக் கூடாது. உள்ளூர்க்காரர் யாராவது ஒரு காலை கூட வர முடிந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.