எழுபது மாங்காயில் மிஞ்சியது பதினொன்று: குரங்கா, அணிலா, வௌவாலா?

மூலைவீடு:

வணக்கம். பினாங்கில் பாயா தெருபோங் பக்கம் மலையை ஒட்டிய தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், மூலை வீடு எங்களுடையது. அப்பா இருந்தபோது வைத்த ஒரு மாமரம், ஒரு பலா, பின்பக்கம் இரண்டு கொய்யா, வேலியோரம் ஒரு பப்பாளி, அவ்வளவுதான் தோட்டம். இந்த வருடம் மா நன்றாகப் பிடித்தது. பிஞ்சாக இருக்கும்போதே நானும் மகளும் கீழே நின்று எண்ணினோம், எழுபதுக்கு மேல் இருந்தது. இன்று காலை எண்ணினால் பதினொன்று. மீதியெல்லாம் ஒரு கடி கடித்துத் தூக்கிப் போட்டது, பாதி தின்றது, துளை விழுந்தது என்று தரையில் கிடக்கிறது, கூட்டி அள்ளுவதே என் வேலையாகிவிட்டது.

செய்து பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன், திரும்ப அதையே சொல்லாதீர்கள். பூச்சி உருண்டையைத் துணியில் முடிந்து கிளை கிளையாகத் தொங்கவிட்டேன். மிளகாய்த்தூளையும் பெலாச்சான் என்கிற இறால் விழுதையும் தண்ணீரில் கரைத்து அடித்தேன், சாயங்கால மழையில் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது, வாடை மட்டும் ஒரு வாரம் வீட்டுக்குள் இருந்தது. ரப்பர் பாம்பு வாங்கி மரத்தில் சுற்றினேன். மூன்று நாள் ஒரு குரங்கும் வரவில்லை. நான்காம் நாள் பாம்பு சாக்கடையில் கிடந்தது, வால் இல்லாமல்.

இப்போது ஹார்ட்வேர் கடைக்காரர் மெல்லிய நைலான் வலையை மரத்துக்குப் போர்த்தச் சொல்கிறார். மைத்துனர் வேலிக்குக் கரண்ட் கொடுத்துவிடலாம் என்கிறார். அம்மாவோ, சனிக்கிழமையும் அதுவுமாக ஆஞ்சநேயரைக் கல்லால் அடிக்கிறாயே என்று திட்டுகிறார். யார் பேச்சைக் கேட்பது? பலா இப்போதுதான் கை முட்டி அளவுக்கு வந்திருக்கிறது, அதையாவது காப்பாற்ற வேண்டும்.

டுரியான்காட்டு அக்கா:

தம்பி, முதலில் திருடன் யாரென்று கண்டுபிடியுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஒருவன் வேலை இல்லை இது. நான் பாலிக் புலாவில் மாமனார் தோட்டத்தில் முப்பது வருடமாக இவற்றோடு மல்லுக்கட்டுகிறவள், அதனால் சொல்கிறேன்.

காலையில் கூட்டுவதற்கு முன்னால் கீழே கிடப்பதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பச்சைக் காயை ஒரே ஒரு கடி கடித்து எறிந்திருந்தால், கூடவே கிளையும் முறிந்திருந்தால், குரங்கு. அது பகலில்தான் வரும், பழுக்கும்வரை காத்திருக்கிற பொறுமையும் அதற்குக் கிடையாது. பக்கவாட்டில் துளை போட்டு, துளையின் ஓரத்தில் சின்ன உளியால் செதுக்கியதுபோல இரட்டை இரட்டையாகக் கோடு தெரிந்தால் அணில். ஊரில் தாத்தா பாட்டி சொன்ன முதுகில் மூன்று கோடு போட்ட அணில் இல்லை, இங்கே இருப்பது பழுப்பு, வயிறு செங்கல் நிறம், விலாவில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை. சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை உருண்டையாகத் துப்பியிருந்தால், சுவரிலும் காரிலும் தெளித்ததுபோல எச்சம் இருந்தால், வௌவால். பழுத்த பப்பாளியை மரத்திலேயே குடைந்துவிட்டு, கூரையிலோ மதிலிலோ விதை விதையாகக் கழித்துவிட்டுப் போயிருந்தால் மூசாங், நம் ஆட்கள் மரநாய் என்பார்களே, அது. ராத்திரிக்காரன், கனிந்ததைத்தான் தேடுவான்.

ஒவ்வொருவனுக்கும் மருந்து வேறு. அணிலுக்கும் மூசாங்குக்கும் மரத்தைச் சுற்றித் தகரம் கட்டலாம், இரண்டடி அகலம், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், ஆணி அடிக்காமல் கம்பியால் சுற்றி, மரம் பருக்கப் பருக்கத் தளர்த்திவிட வேண்டும். ஆனால் உங்கள் மரத்துக் கிளை கூரையையோ மதிலையோ தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் வெறும் அலங்காரம்தான். எட்டு ஒன்பது அடி இடைவெளி வரும்படி கிளையைக் கழித்த பிறகுதான் அதற்கு அர்த்தம்.

கொய்யாவை எலுமிச்சை அளவு வருவதற்குள் ஒவ்வொன்றாகக் காகிதப் பையில் கட்டுங்கள், பழ ஈயும் வராது. பலாவுக்கு அரிசிச் சாக்கு போதும், எங்கள் மாமனார் காலத்தில் தென்னங்கீற்றில் கூடை முடைந்து போடுவார்கள். அணில் சாக்கைக் கடிக்க ஆரம்பித்தால் அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையைக் கூண்டு மாதிரி வளைத்து மாட்ட வேண்டியதுதான். மாங்காயைப் பழுக்கவிட்டுப் பறிக்க நினைக்காதீர்கள். காம்பைச் சுற்றித் தோள் புடைத்து எழும்பியதும் ஒன்றைப் பறித்து வாளித் தண்ணீரில் போடுங்கள், மூழ்கினால் முற்றிவிட்டது, எல்லாவற்றையும் இறக்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிடலாம். ஒரு வாரம் முந்திக்கொண்டால் பாதிச் சண்டை முடிந்தது.

குரங்குக்கு மட்டும் இதெல்லாம் பத்தாது. பையைக் கட்டினால் பைக்குள் பழம் இருக்கிறது என்று கற்றுக்கொள்ளும். அதனிடம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு: உங்கள் தெருவுக்கு அது எதற்காக வருகிறது? தண்ணீர்மலையில் பூத்தோட்ட வாசலில் பாருங்கள், உணவு போடாதே என்று பலகை இருக்கிறது, அதன் கீழேயே நின்று வாழைப்பழச் சீப்பைப் பிரிப்பார்கள். யாரோ எங்கோ போடுகிற சோறுதான் உங்கள் மாமரத்துக்கு வழி காட்டுகிறது.

ஒயர்மேன்:

அண்ணே, மைத்துனரிடம் தயவுசெய்து சொல்லுங்கள், வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதை வேலிக் கம்பியில் கொடுத்தால் குரங்குக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளை பந்து எடுக்க வந்து சாகும், நீங்கள் ஜெயிலுக்குப் போவீர்கள். தோட்டங்களில் போடுகிற மின்வேலி வேறு, அதற்குத் தனிக் கருவி இருக்கிறது, ஒரு நொடிக்கு ஒரு தடவை என்று கண் இமைக்கிற நேரத்துக்கு மட்டும் அடிக்கும். அதுவும் தாமானுக்குள் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

அந்த மெல்லிய வலையும் வேண்டாம். என் அம்மா வீட்டு ரம்புத்தானுக்கு நான்தான் போட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு சின்ன வௌவால் இறக்கை பின்னிக்கொண்டு தொங்குகின்றன, ஒன்று செத்துவிட்டது, இன்னொன்றை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நகவெட்டியால் நூல் நூலாக அறுத்து எடுக்க முக்கால் மணி நேரம். அது கடிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் அதே வலையின் அடியில் ஒரு பாம்பு. அன்றைக்கே சுருட்டிக் குப்பையில் போட்டேன். வலைதான் வேண்டுமென்றால் கண்ணுக்குள் உங்கள் சுண்டுவிரல் நுழையக் கூடாது, நூல் தடிமனாக, வெள்ளையாக இருக்க வேண்டும், சட்டம் போட்டு விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும்.

வெட்டிவிடு:

எதற்கு இவ்வளவு பாடு? மரத்தை வெட்டிவிட்டுப் பசாரில் மாம்பழம் வாங்குங்கள். இல்லையென்றால் வனவிலங்குத் துறை இருக்கிறதே, பெர்ஹிலித்தான், அவர்களிடம் சொல்லிக் கூண்டு வைக்கச் சொல்லுங்கள், வந்து பிடித்துக்கொண்டு போவார்கள்.

டுரியான்காட்டு அக்கா:

கூண்டு வைப்பார்கள்தான், குரங்கு ஆளைக் கடிக்க வருகிறது, வீட்டுக்குள் நுழைகிறது என்றால் கட்டாயம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தீனி அங்கேயே இருக்கும்வரை ஒரு கூட்டம் போனால் மலையிலிருந்து அடுத்த கூட்டம் இறங்கும். அப்புறம் ஒன்று, விஷம் கிஷம் என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள், 2010 வனவிலங்குச் சட்டத்தில் இந்தக் குரங்கும் பாதுகாக்கப்பட்டதுதான்.

தம்பி, வருவது எல்லாம் ஒரே வகைக் குரங்குதானா? உடம்பு சாம்பல் கறுப்பாக, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு ஏதாவது வருகிறதா? அது லோத்தோங், பெரும்பாலும் தளிரும் இலையும்தான் தின்னும், குட்டி மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். மாந்தளிரைக் கொஞ்சம் பிய்க்கும், விட்டுவிடுங்கள். தெலுக் பஹாங் சாலையில் அது அடிபட்டுச் சாகாமல் கடக்க 2019இல் பழைய தீயணைப்புக் குழாயை வைத்தே மேலே ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள், அந்தப் பக்கம் போனால் அண்ணாந்து பாருங்கள்.

வார்டு நம்பர் ஆறு:

நான் நர்ஸ். இரண்டே விஷயம். பூச்சி உருண்டையை இன்றைக்கே கழற்றுங்கள். வீட்டில் மகள் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த உருண்டை விஷம், ஜி6பிடி என்கிற, இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அதிலுள்ள நாப்தலீன் இரத்தத்தையே உடைத்துவிடும். நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கெல்லாம் அந்தச் சோதனை எடுப்பது சும்மா இல்லை.

இரண்டாவது, கடிபட்ட பழம். நல்ல பக்கத்தை வெட்டித் தின்கிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, என் மாமியார் இன்னும் செய்கிறார். வேண்டாம். 1998, 99இல் நிப்பா வைரஸ் காய்ச்சல் வந்ததே, அந்தப் பெயரே நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர்தான். பன்றிக் கொட்டகையை ஒட்டி மாமரம் வைத்திருந்தார்கள், வௌவால் தின்று போட்ட பழம் கொட்டகைக்குள் விழுந்து அப்படித்தான் பன்றிக்குப் போயிருக்க வேண்டும் என்றார்கள், பன்றியிலிருந்து ஆளுக்கு. நூறு பேருக்கு மேல் போனார்கள், பத்து லட்சம் பன்றியைக் கொன்று புதைத்தார்கள். அதற்குப் பிறகு இங்கே வரவில்லை, பயமுறுத்தச் சொல்லவில்லை. கடிபட்டதைக் கையுறையோடு எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள், முழுப் பழத்தையும் கழுவித் தோல் சீவித் தின்னுங்கள். அதற்காக வௌவாலையும் அடிக்க வேண்டாம், அக்காவின் டுரியான் பூவுக்கு ராத்திரியில் மகரந்தம் மாற்றுகிறதே அதுதான்.

மூலைவீடு:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். உருண்டையெல்லாம் எடுத்தாகிவிட்டது. மைத்துனர் என்னோடு பேசுவதில்லை.

அக்கா சொன்னபடி கீழே கிடந்ததை எடுத்துப் பார்த்தேன், மகள் நோட்டில் கோடு போட்டு எண்ணினாள்: ஒரு கடி கடித்தது பதினான்கு, துளை ஐந்து, சக்கை உருண்டை ஏராளம். பழைய கைப்பேசியைச் சன்னலில் வைத்துப் பதிவு செய்தேன். ராத்திரி இரண்டே முக்காலுக்கு ஒரு மூசாங், எதிர்வீட்டுக் கூரையிலிருந்து டெலிபோன் ஒயர்மேல் கம்பிக்கூத்தாடி மாதிரி நடந்து வந்து நேராகப் பப்பாளிக்குப் போகிறது. ஒயர் பக்கம் இருந்த கிளையை வெட்டிவிட்டேன்.

குரங்கு விஷயம்தான் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. காலை ஏழரைக்கு அவை மாமரத்துக்கு வரவில்லை, பின்பக்க மதிலுக்குத்தான் வருகின்றன. அம்மா அங்கேதான் காக்கைக்குச் சோறு வைக்கிறார். அப்பா போனதிலிருந்து தினமும் வைக்கிறார், எனக்குத் தெரியும், ஆனால் இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. காக்கைக்கு இரண்டு வாய்தான் கிடைக்கிறது, மீதியைக் குரங்குக் கூட்டம் வழித்துத் தின்றுவிட்டு, அப்புறம் பொழுதுபோக்காக மரத்தில் ஏறுகிறது. வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குச் சாப்பிடவுமில்லை.

மறுநாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு கவளம் மட்டும் வைக்கிறார், கையில் துடைப்பத்தோடு பக்கத்திலேயே நிற்கிறார், காக்கை தின்று முடித்ததும் இலையை எடுத்துக்கொண்டு மதிலைக் கழுவிவிட்டு உள்ளே வந்துவிடுகிறார். ஒரு வாரமாகிறது. குரங்கு வராமலில்லை, வந்து மதிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிறது. (அடுத்த தெருக்காரர்கள் இங்கே இருந்தால் மன்னிக்கவும், உங்கள் குப்பைத்தொட்டிக்கு மூடி போடுங்கள்.) பதினொன்றில் ஒன்பது மாங்காய் வாளியில் மூழ்கியது, இறக்கி அரிசியில் வைத்திருக்கிறேன்.

அக்கா, பலாவுக்குச் சாக்கு கட்டிவிட்டேன். வாயைக் காம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டலாமா?

டுரியான்காட்டு அக்கா:

இறுக்காதீர்கள், காம்பு அறுந்துவிடும். கயிற்றைக் காம்புக்கு மேலே இருக்கிற கிளையில் கட்டிச் சாக்கு தொங்குகிற மாதிரி விடுங்கள், பலா பெருக்க இடம் வேண்டும். அடியில் இரண்டு மூலையையும் விரல் அளவு வெட்டிவிடுங்கள், மழைத்தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். வாரம் ஒரு தடவை அவிழ்த்து எறும்பு இருக்கிறதா என்று பாருங்கள். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.