துவக்கு உதைத்தால் குற்றம் தோளிலா, துவக்கிலா?

வெள்ளவத்தைப் பொடியன்:
கனடாவில் இருக்கும் அண்ணனிடம் போய்விட்டுப் போன கிழமைதான் கொழும்புக்குத் திரும்பினேன். அங்கே மண்தட்டைப் பறக்கவிட்டுச் சுடும் கழகம் ஒன்றுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். வாழ்க்கையில் நான் துவக்கைத் தொட்டது அன்றைக்குத்தான். 12 போர் (குழலின் வாயளவு), ஒற்றைக் குழல். தூக்கும்போது பாரமே தெரியவில்லை. முதல் வெடியிலேயே யாரோ கிரிக்கெட் மட்டையால் தோளில் போட்டதுபோல இருந்தது. எட்டாவது வெடியோடு போதும் என்று வைத்துவிட்டேன். பத்து நாளாகியும் வலது தோளில் கத்தரிக்காய் நிறத்தில் கண்டல். அம்மா காலையும் மாலையும் சித்தாலேப பூசுகிறார்.

நேற்று மரைன் டிரைவில் நடக்கும்போது பெரியப்பாவிடம் சொன்னேன். சிரிக்கிறார். “துவக்கு உதைத்தது என்று சொல்லாதே, எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்று சொல்லு” என்கிறார். அவர் கிளிநொச்சியில் வயல் செய்த காலத்தில் துவக்கு வைத்திருந்தவர். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இது பிடிக்கத் தெரியாத குற்றமா, அல்லது அந்தச் சாமானே அப்படித்தானா?

குளக்கட்டு:
பெரியப்பா சொன்னது சரி, தம்பி. நானும் வன்னிதான், இப்போது வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் அடைபட்டுக் கிடக்கிறேன். பதினான்கு வயதில் அப்பாவோடு பரணில் ஏறியவன். நெல் குடலைப் பருவத்தில் பன்றி இறங்கினால் ஒரு இரவில் அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போகும். அப்பா சொல்லித் தந்தது ஒன்றுதான்: பிடங்கை, அதுதான் துவக்கின் பின்கட்டையை, கைக்குழந்தையை அணைக்கிறமாதிரித் தோளோடு அணை, கன்னத்தை வை, மூச்சை விடு. எஸ்.ஜி. தோட்டா, பெரிய சன்னம் உள்ளது, போட்டுத்தான் வெடி வைப்போம். ஒருநாளும் தோள் கறுத்தது கிடையாது. அப்பாவுக்கு ஐம்பது கிலோ தேறாது. துவக்குக்குப் பயந்தவனைத்தான் துவக்கு உதைக்கும்.

பௌதிகம் பழகு:
ஐயா, மன்னிக்க வேண்டும். துவக்குக்கு ஆளைத் தெரியாது. உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் போடும் கணக்குத்தான் இது. தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள், அதாவது சன்னம், 36 கிராம்; அது வினாடிக்கு 400 மீட்டரில் முன்னே போகிறது என்று வையுங்கள். அதே அளவு உந்தம் பின்னே வந்தாக வேண்டும். துவக்கு 3.6 கிலோ என்றால் அது வினாடிக்கு 4 மீட்டரில் பின்னே வரும். கிட்டத்தட்ட 29 யூல். அதே தோட்டாவை 2.4 கிலோ துவக்கில் போட்டால் வேகம் 6 மீட்டர், சக்தி 43 யூல். வெடிமருந்து வாயுவின் தள்ளலைச் சேர்த்தால் இரண்டும் இன்னும் ஏறும்.

பொடியன் சொன்னதில் முக்கியமான சொல் “பாரமே தெரியவில்லை” என்பது. பாரமில்லாத துவக்கில் கனமான தோட்டா. அடி அங்கேதான் இருக்கிறது. தோளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

குளக்கட்டு:
கணக்கைப் பூசினால் கண்டல் ஆறுமா, சேர்? ஒரே துவக்கு, ஒரே தோட்டா. என் தம்பி வைத்தால் அவன் “ஐயோ” என்பான், நான் வைத்தால் ஒன்றுமில்லை. அதற்கு என்ன சூத்திரம்? சுதந்திர தினத்துக்குக் கோட்டை வெளிச்சவீட்டடியில் கடற்படை 25 வேட்டு வைக்கிறதே, அந்தப் பீரங்கி துள்ளிக் கடலுக்குள் விழுகிறதா? இறுக்கிப் பிடித்த சாமான் அசையாது.

பௌதிகம் பழகு:
மரியாதை வேட்டில் குண்டே கிடையாது ஐயா. மருந்துப் புகை மட்டும்தான் வெளியே போகிறது. முன்னே போவது கொஞ்சம், பின்னே வருவதும் கொஞ்சம். சினிமாவில் கதாநாயகன் ஒற்றைக் கையால் சுட்டுத் தள்ளுவதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் உங்கள் தம்பி கேள்வி நல்ல கேள்வி. அதற்கும் விடை இருக்கிறது, அதில் உங்களுக்குப் பாதி வெற்றி. சன்னம் 70 சென்ரிமீட்டர் குழலைக் கடக்கும் நேரத்தில், 3.6 கிலோ துவக்கு பின்னே வருவது வெறும் 7 மில்லிமீட்டர். அதற்குள் அது வேகத்தைப் பெரும்பாலும் எடுத்துவிடும். தோளுக்கும் பிடங்குக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தால், துவக்கு முழு வேகத்தில் வந்து உங்களைக் குத்தும். ஒட்டியிருந்தால் ஆரம்பத்திலிருந்தே உங்கள் உடம்பும் சேர்ந்து பின்னே போகும், தள்ளல் மட்டும் தெரியும். உந்தம் அதே உந்தம். அதை எவ்வளவு நேரத்தில் வாங்குகிறீர்கள் என்பதுதான் வேறு. கணத்தாக்குப் பாடம்.

உங்கள் தம்பி பயந்து துவக்கைத் தோளிலிருந்து தள்ளிப் பிடித்திருப்பார். பயப்படுகிறவன் செய்வது அதுதான், அடி கூடுவதும் அதனால்தான்.

குளக்கட்டு:
நான் சொன்னதை நீர் நீட்டிச் சொல்லுகிறீர், அவ்வளவுதான்.

பழைய கடேற்:
பாதிதான் என்று அவரே சொல்லிவிட்டாரே, ஐயா. மீதிப் பாதிக்கு நான் சாட்சி.

பள்ளிக்கூடக் கடேற் காலத்தில் மலைநாட்டு முகாம் ஒன்றில் எங்களுக்குத் திரீ நாட் திரீ, அதுதான் .303 லீ என்பீல்ட் ரைபிள், தந்தார்கள். நாலு கிலோ பாரம், 11 கிராம் குண்டு. கணக்குப்படி பொடியனின் 12 போரைவிட உதை குறைவு. ஆனால் எங்களைச் சுடவைத்தது படுத்த நிலையில். நின்று சுட்டால் இடுப்பு பின்னே வளையும், கால் ஒரு அடி நகரும், உதை கரைந்துவிடும். படுத்துக் கிடந்தால் உடம்பு எங்கே போகும்? முழுவதும் தோள்பட்டை எலும்பில் இறங்கும். நீங்கள் சொன்ன அணைப்பு, கன்னம், மூச்சு எல்லாம் எங்களுக்கும் ஓதினார்கள். இருபது பேரில் பதினைந்து பேருக்குத் தோள் கறுத்தது. பதினைந்து பேருக்கும் பிடிக்கத் தெரியவில்லையா? நீங்கள் பரணில் குந்தியிருந்து வைத்தவர், உங்கள் உடம்புக்கு ஆட இடமிருந்தது.

அந்த லீ என்பீல்டையே குட்டையாக்கி, பாரம் குறைத்து, காட்டுச் சண்டைக்கென்று 1944இல் ஐந்தாம் இலக்கம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பாரம் குறைந்ததும் உதை ஏறியது. அதைத் தணிக்கப் பிடங்கில் ரப்பர் வைத்தார்கள். ரப்பரோ ஒடுக்கமானது, இறுகினால் கல். அடி சின்ன இடத்தில் குவிந்து இன்னும் நொந்ததுதான் மிச்சம். அந்தச் சிப்பாய்களுக்கும் பிடிக்கத் தெரியாது என்பீர்களா?

மருதானை நானா:
அஸ்ஸலாமு அலைக்கும். சண்டைக்கு நடுவில் ஒரு சின்ன விஷயம். நம் பழைய ஆட்கள் இந்த விவாதத்தை எப்போதோ முடித்துவிட்டார்கள். கொழும்பு நூதனசாலைப் பக்கம் போனால் சிங்களவர் “கொடித்துவக்கு” என்று சொல்லும் சாமானைப் பற்றிக் கேளுங்கள். துவக்கும் இல்லை, பீரங்கியும் இல்லை, இரண்டுக்கும் நடுவே. முன்னால் இரண்டு கட்டைக் கால். வெள்ளைக்காரன் அதற்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தான். அந்த உதையைத் தோளில் வாங்க யாருக்கும் பைத்தியம் இல்லை, நிலத்தில் ஊன்றிச் சுட்டார்கள். வீரம் இல்லாமலா?

1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரன் யானை சுடக் கொண்டுவந்த துவக்கு 21 இறாத்தல். ஒன்பதரைக் கிலோ! குண்டு மட்டும் நாலு அவுன்ஸ். அவ்வளவு பாரத்தை மனுசன் ஆசைக்கா காட்டில் சுமந்தான்? பாரம் இல்லாவிட்டால் தோள் இருக்காது என்று அவனுக்குத் தெரியும். பின்னால் ஆபிரிக்காவில் அரை இறாத்தல் குண்டு போடும் இன்னொன்றையும் வைத்திருந்தான். அங்குள்ள அரபிகள் அதைப் “பீரங்கிக் குழந்தை” என்றார்கள். அதைச் சுட அவனுக்கே பயம். சுட்டால் ஆளையே சுழற்றிவிடுமாம். யானையைக் கொன்று குவித்தவன் பயந்ததை மறைக்கவில்லை. அவன் செய்த கொலைகளை நான் மெச்சவில்லை, அது வேறு கதை.

கொள்ளுப்பிட்டி பிசியோ:
நான் துவக்கு சுட்டதில்லை. சுட்ட தோள்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் கண்டலைப் பற்றியே கதைக்கிறீர்கள், கண்டல் இரண்டு மூன்று கிழமையில் போய்விடும். மண்தட்டுச் சுடுகிறவர்களுக்குத் தோளின் முன்பக்கம் காக்கை அலகுபோல நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எலும்பில், திரும்பத் திரும்ப அடிபட்டே வெடிப்பு விழுந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. ஒரு சுற்றுக்கு 25 தட்டு. நாளெல்லாம் சுட்டால் எண்ணிப் பாருங்கள். அவர்கள் பிடிக்கத் தெரிந்தவர்கள்தான்.

வலி தோளில் நிற்பதும் இல்லை. மூளை அடுத்த வெடிக்கு முன்பே ஆயத்தமாகிவிடும்: கண் மூடும், தோள் முன்னே தள்ளும், விரல் விசையை இழுக்காமல் அடிக்கும். அதைச் சுடுகிறவர் உணரமாட்டார். நல்ல பயிற்றுநர்கள் நல்ல தோட்டாவோடு வெற்றுத் தோட்டா ஒன்றைத் தெரியாமல் கலந்து போடுவார்கள். வெடிக்காத துவக்கு குலுங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். “பயப்படாதே” என்று சொல்லி இது மாறாது. சின்னத் துவக்கு, மெல்லிய தோட்டா, காதுக்கு நல்ல மூடி, இவற்றோடு தொடங்கினால்தான் மாறும். காது முக்கியம், 12 போர் வெடி 140 டெசிபெலைத் தாண்டும். சத்தமே பாதி உதை.

புதிதாய் வந்தவருக்குப் பெரிய துவக்கைக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகாது. 2014இல் அரிசோனாவில் ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் உசி (Uzi) என்ற சின்னத் தானியங்கித் துவக்கைக் கொடுத்தார்கள். குழல் மேலே ஏறித் திரும்பியது, பக்கத்தில் நின்ற பயிற்றுநர் இறந்துபோனார். உசி பெரிய உதைக்காரத் துவக்குக்கூட இல்லை. அந்தப் பிள்ளைக்கு அது பெரியது.

பொடியா, உங்கள் அண்ணன் என்ன தோட்டா போட்டான்?

வெள்ளவத்தைப் பொடியன்:
கேட்டேன் அக்கா. வாத்துக்குப் போடுவது மிஞ்சிக் கிடந்ததாம். அதைப் போட்டுவிட்டுப் பின்னால் நின்று படம் எடுத்தான். நான் துவக்கைத் தோளிலிருந்து தள்ளித்தான் பிடித்திருக்கிறேன், வீடியோவில் தெரிகிறது. கண்ணும் மூடியிருக்கிறது.

பௌதிகம் பழகு:
தட்டுக்கு ஒலிம்பிக் போட்டியிலேயே 24.5 கிராமுக்கு மேல் சன்னம் விடமாட்டார்கள். அண்ணன் நல்ல மனுசன்!

குளக்கட்டு ஐயா, ஒரே ஒரு கேள்வி. ஒரு இரவில் எத்தனை வெடி வைப்பீர்கள்?

குளக்கட்டு:
ஒன்று. மிஞ்சினால் இரண்டு. தோட்டா என்ன சும்மாவா கிடைத்தது? பல இரவுகள் வெடியே இல்லாமல் தகரம் தட்டியே விடியும்.

பழைய கடேற்:
அப்படியென்றால் பொடியன் அரை மணித்தியாலத்தில் வாங்கியது உங்களுக்கு ஒரு கிழமைக் கணக்கு. அதோடு பன்றி முன்னே நிற்கும்போது தோள் நொந்ததா என்று எவருக்குத் தெரியும்?

குளக்கட்டு:
அதுவும் உண்டு. சரி, பிள்ளைகள் இவ்வளவு கேட்டபிறகு மறைக்கக் கூடாது. ஒருமுறை சித்தப்பாவின் இரட்டைக் குழலை வாங்கிக்கொண்டு போனேன். இருட்டில் பதற்றத்தில் இரண்டு விசையிலும் விரல் விழுந்து இரண்டும் ஒன்றாய் வெடித்தன. பரணிலிருந்து மல்லாக்க வயலுக்குள் போனேன். சேறு என்றபடியால் தப்பினேன். அப்பாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை, அவரும் போய்விட்டார். கடைசிக் காலத்தில் அவருக்கு வலது காது கேட்காது, இடது பக்கம் போய்த்தான் கதைக்க வேண்டும். வயது என்று நினைத்திருந்தோம்.

ஆனாலும் சொல்லுகிறேன், அணைத்துப் பிடிக்க வேண்டும். அதில் மாற்றமில்லை. பொடியா, உன் பெரியப்பா எத்தனை வெடி வைத்தார் என்று கேட்டுப் பார்.

வெள்ளவத்தைப் பொடியன்:
கேட்டேன் ஐயா. “அந்தக் காலத்தில் ஆர் எண்ணினது” என்றுவிட்டு இஞ்சித் தேத்தண்ணி வாங்கப் போய்விட்டார்.