டேட்டா பகிர்வுத் திட்டத்துக்குக் குறிக்கோள் எழுதுகிறார்கள், சமத்துவத்தை எங்கே வைப்பது?

மாலைநேர அப்பா:
அமெரிக்காவில் எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டில் (எங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) வருகைப்பதிவு, மதிப்பெண், பஸ், நர்ஸ் அறைக் குறிப்பு எல்லாம் தனித்தனி மென்பொருளில் கிடக்கிறது. இப்போது ஒன்றாக இணைக்கப் போகிறார்கள், பெற்றோர் குழுவில் நானும் இருக்கிறேன். வரைவின் முதல் குறிக்கோள், "இரண்டு ஆண்டுக்குள் 90 சதவீத ஆசிரியர்கள் டாஷ்போர்டைப் பயன்படுத்துவார்கள்." (இணைத்த பதிவுகளை ஒரே திரையில் காட்டும் பக்கம்தான் டாஷ்போர்டு.) கடைசியில், "இவை அனைத்தும் சமத்துவத்தோடு நடக்கும்" என்று ஒரு வரி. கறிவேப்பிலை மாதிரிதான், வாசனைக்குப் போட்டிருக்கிறார்கள், சாப்பிடும்போது ஒதுக்கிவிடலாம். இதை எப்படி மாற்றி எழுதச் சொல்வது? புதன்கிழமை கூட்டம்.

எக்செல் அடிமை:
அந்த முதல் குறிக்கோள் ஆசிரியர் லாகின் செய்தாரா என்று பார்க்கிறது, பிள்ளைக்கு என்ன ஆனது என்று பார்க்கவில்லை. நான் வேறொரு டிஸ்ட்ரிக்ட்டின் டேட்டா பிரிவில் இருக்கிறேன், நாங்களும் இதே தப்பைத்தான் செய்தோம். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு வராவிட்டால் நாட்பட்ட வருகையின்மை என்று கணக்கு, 180 நாள் பள்ளியென்றால் 18 நாள். ஆனால் பள்ளியின் சராசரி வருகை 94 சதவீதம் என்று அழகாக நிற்கும், இந்தப் பிள்ளைகள் அதற்குள்ளேயே மறைந்துவிடுவார்கள். பஸ் பதிவையும் வருகைப்பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான், ஒரே தடத்தில் வரும் பிள்ளைகளுக்கு முதல் பீரியடில் மட்டும் திரும்பத் திரும்ப ஆப்சென்ட் விழுந்திருப்பது கண்ணில் பட்டது. பஸ் தாமதமான நாட்கள் அவை. அதுவரை "அக்கறையில்லாத குடும்பங்கள்" என்று அவர்களுக்குப் பெயர்!

அப்புறம் குறிக்கோளை இப்படி மாற்றினோம்: மூன்றாவது நாள் வராதபோதே வீட்டுக்குப் போன் போக வேண்டும், அந்த வீட்டின் மொழியில். ஸ்பானிஷ் பேசும் வீடானாலும் ஆங்கிலம் பேசும் வீடானாலும் அதே மூன்று நாள்தான். தவறினால் எண்ணிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஏழைப் பிள்ளைகள் யார் என்பதை இலவச மதிய உணவுப் பட்டியலிலிருந்து எடுக்கிறார்களா என்று கேளுங்கள். எல்லாருக்கும் இலவச உணவு தரும் சிஇபி திட்டப் பள்ளிகளில் அதற்கென்று குடும்பத்திடம் விண்ணப்பமே வாங்குவதில்லை. அந்தப் பட்டியலை நம்பி வைக்கும் குறிக்கோளில் அர்த்தம் இல்லை.

சந்தேகப் பேர்வழி:
எதைப் பகிரக் கூடாது என்பதும் குறிக்கோளாக வேண்டும், அதை ஏன் யாரும் பேசுவதில்லை? புளோரிடாவின் பாஸ்கோ கவுன்டியில் ஷெரிப் அலுவலகம் பள்ளியின் மதிப்பெண், வருகை, ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளை வைத்து, வருங்காலத்தில் குற்றம் செய்யக்கூடியவர்கள் என்று பிள்ளைகளின் பட்டியலே போட்டது, 2020-ல்தான் வெளியே வந்தது. அதனால் போலீஸுக்குப் போகாது, குடியேற்ற நிலை கேட்கப்படாது என்று எழுத்தில் வாங்குங்கள். பள்ளி மாணவர்களின் டேட்டாவை ஒரே இடத்தில் சேர்க்க 10 கோடி டாலர் கொட்டித் தொடங்கிய இன்ப்ளூம் என்ற அமைப்பு 2014-ல் மூடப்பட்டதற்கும் மென்பொருள் பழுதாகிப்போனது காரணமில்லை, பெற்றோர் நம்பவில்லை, அவ்வளவுதான்.

மாணவர் பதிவுகளைப் பற்றிய 1974-இன் ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டப்படி பெற்றோர் கேட்டால் 45 நாளுக்குள் பதிவைக் காட்ட வேண்டும், தப்பிருந்தால் திருத்தக் கேட்கவும் உரிமை உண்டு. ஆங்கிலம் தெரியாத அம்மா எத்தனை பேர் அப்படிக் கேட்டார்கள், எத்தனை பேருக்குத் திருத்தம் கிடைத்தது என்று எண்ணச் சொல்லுங்கள்.

மாலைநேர அப்பா:
பஸ் கதை அப்படியே எங்கள் ஊர். ஒரு சந்தேகம், எங்கள் ஐந்தாம் வகுப்பில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் ஆறே பேர். அறிக்கையில் அந்த இடத்தில் வெறும் நட்சத்திரக்குறிதான் வருகிறது.

எக்செல் அடிமை:
எண்ணிக்கை குறைவென்றால் யார் எந்தப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடலாம், அதனால் மறைக்கிறார்கள். வெளியே விடும் அறிக்கையில் அது சரி. ஆனால் உள்ளே அந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர் பார்த்தே ஆக வேண்டும். வெளியே காட்ட மூன்று வருடத்தைச் சேர்த்துப் போடலாம். நட்சத்திரக்குறி விழுந்த பிரிவுகளை யார் பார்க்கிறார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று புதன்கிழமை கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் இதைக் கேட்டபோது பத்து நொடி யாரும் வாயைத் திறக்கவில்லை.

சந்தேகப் பேர்வழி:
கூட்டம் எத்தனை மணிக்கு? பகல் இரண்டு மணிக்கென்றால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.

மாலைநேர அப்பா:
இரண்டரைக்கு.