ஜீ.ஐ. பொக்ஸ்பாரில் அடித்த எனாமல் தோல் தோலாக உரிகிறது, மேலால் இன்னொரு கோட் அடிக்கலாமா?

மில்பொடியன், பரந்தன்:
வணக்கம். எங்களுக்குச் சின்ன அரிசி மில் ஒன்று இருக்கிறது. நெல் அவிக்கிற கொட்டகையைப் போன வருசம் புதிதாகப் போட்டோம். போஸ்ற், கூரை தாங்குகிற பர்லின் எல்லாம் ஜீ.ஐ. பொக்ஸ்பார் (நாகம், அதாவது சிங்க் பூசின இரும்புப் பெட்டிக் குழாய்), கூரை அமானோ சீற். வேலை எடுத்தவர் பொக்ஸ்பாரில் நேரடியாக எனாமல் இரண்டு கோட் அடித்துத் தந்தார், அடித்த நேரம் வடிவாகத்தான் இருந்தது. இப்போது நகத்தை விட்டு இழுத்தால் வாழைநார் உரிகிற மாதிரி நீளத்துக்கு வருகிறது, துண்டுகள் நெல்லுக்குள்ளும் விழுகின்றன. அப்பா ஐப்பசி மழைக்கு முன்னம் சண்பேப்பர் பிடித்து இன்னொரு கோட் அடித்து முடி என்று நிற்கிறார். நெல் ஊறப்போடுகிற தொட்டிப் பக்கச் சுவரிலும் பெயின்ற் கொப்பளித்து வெள்ளையாகப் பொடி பூக்கிறது. இரண்டும் ஒரே வருத்தமா?

கனகராயன் கரை:
சண்பேப்பர் பிடித்து அன்ரிகொரோசிவ் (துருத்தடுப்புப் பெயின்ற்) ஒரு கோட், மேலே எனாமல் ஒரு கோட். எங்கள் கேற்றுக்கு அப்படித்தான் செய்தோம், இன்னும் நிற்கிறது.

வவுனியா பெயின்ரர்:
தம்பி, கனகராயன் சொன்ன கேற் கறுப்பு இரும்பாக இருக்கும். அதற்கு அது சரி. உங்களுடையது நாகம் பூசின கம்பி, அதில் கதை வேறு. எதையும் அடிக்க முதல் உரிந்த துண்டு ஒன்றை எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். கம்பிப் பக்கம் துருவா, பளபளப்பா? பின்பக்கத்தில் விரலை வைத்துத் தேய்த்தால் பிசுபிசுப்பாக இருக்கிறதா? வெல்டிங் வைத்த இடங்களையும் பார்த்துச் சொல்லுங்கள்.

மில்பொடியன்:
பார்த்தேன் அண்ணை. கம்பி வெள்ளி மாதிரிப் பளிச்சென்று இருக்கிறது, துரு இல்லை. துண்டின் பின்பக்கம் கொஞ்சம் மெழுகுத்தன்மை. வெல்டிங் மூட்டுகளில் மட்டும் சிவப்பாகத் துரு இறங்கி இருக்கிறது.

வவுனியா பெயின்ரர்:
அப்ப சந்தேகமே இல்லை. சாதாரண எனாமல் அல்கிட் வகை, எண்ணெயில் செய்தது. அது நாகத்தின் மேல் இருக்கும்போது ஈரமும் சேர, எண்ணெய் அமிலமும் நாகமும் சேர்ந்து சவர்க்காரம் ஆகிவிடும். நீங்கள் தொட்ட அந்த மெழுகு அதுதான். பெயின்ற் வெளியில் நல்லாக இருக்கும், அடியில் பிடி விட்டுப் போயிருக்கும். அவிக்கிற ஆவி அடிக்கிற இடம் என்றபடியால் உங்களுக்குச் சீக்கிரம் வந்திருக்கிறது, காய்ந்த கொட்டகையில் என்றால் இன்னும் கொஞ்சக் காலம் ஏமாற்றியிருக்கும்.

மேலால் இன்னொரு கோட் அடித்தால் அதுவும் பழையதோடு சேர்ந்து விழும். எப்பொக்சியை மேலே அடிக்கலாம் என்று கடையில் சொல்வார்கள், அது இன்னும் மோசம். எப்பொக்சியின் தின்னர் அடியில் உள்ள எனாமலைச் சுருக்கி எழுப்பிவிடும்.

ஆகவே உரிக்க வேண்டும். சுரண்டியால் எடுங்கள், வராத இடத்துக்குப் பெயின்ற் றிமூவர். கிரைண்டரில் வயர் பிறஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், நாகம் போய்விடும். பிறகு சட்டி தேய்க்கிற பச்சைப் பஞ்சால், சோப்புத் தண்ணீரில் வடிவாகத் தேய்த்து, எண்ணெய்ப்பசை போக அலசுங்கள். வெள்ளைத் துரு (நாகத்தின் மேல் பூக்கிற வெள்ளைப் பொடி) இருந்தால் 1 அல்லது 2 வீத அமோனியாத் தண்ணீரில் தேய்த்தால் போகும், ஆனால் பிளீச்சோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், வாயு நஞ்சு.

மில்பொடியன்:
மழைக்கு முன்னம் இதெல்லாம் முடியாது அண்ணை, சிறுபோக நெல் வந்து குவிகிறது. உரித்துப்போட்டு அப்படியே விட்டால் கம்பி துருப்பிடிக்காதா?

வவுனியா பெயின்ரர்:
நாகம் இருக்கிற இடத்தில் பயமில்லை, பெயின்ற் இல்லாமலே அது கம்பியைக் காக்கும், அதற்காகத்தானே ஜீ.ஐ. வாங்கினீர்கள். சவர்க்காரம் ஆகிக்கொண்டிருக்கிற பெயின்றைவிட வெறும் கம்பி மேல். இப்போது செய்ய வேண்டியது வெல்டிங் மூட்டுகள் மட்டும்தான், அங்கே சூட்டில் நாகம் எரிந்து போயிருக்கிறது. அந்த இடத்தை மட்டும் சிலாக்கு (வெல்டிங் கசடு), துரு போகக் கிரைண்டர் பிடித்து, சிங்க் றிச் பிறைமர் (நாகத்தூள் கூடின அடிக்கோட்) வையுங்கள். முழு வேலையையும் மழை விட்ட பிறகு, மில் ஓய்கிற நேரம் பாருங்கள்.

அந்த நேரம் ஜீ.ஐ.க்கு ஏற்றது என்று டின்னில் எழுதியிருக்கிற எப்பொக்சி பிறைமர் வாங்குங்கள், இரண்டு டின்னாக வரும், கலந்துதான் அடிக்க வேண்டும். சிலர் முதலில் எச் பிறைமர் (அமிலம் சேர்ந்த அடிக்கோட்) அடிப்பார்கள், அதன் மேல் எப்பொக்சி கூடாது என்று சில கொம்பனிகளின் டேற்றா சீற்றில் இருக்கும், வாங்க முதல் பாருங்கள். வெயில் படுகிற வெளிப்போஸ்றுக்கு எப்பொக்சியோடு நிறுத்தினால் மாவாக உதிரும், பொலியூரித்தேன் மேல்கோட் வேண்டும். உள்ளுக்குள்ளே எப்பொக்சி மட்டும் காணும்.

ஈரக்கம்பியில் அடித்தால் அவ்வளவு வேலையும் வீண். காற்றின் ஈரப்பதன் 85 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், கம்பியின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்குகிற வெப்பம்) 3 பாகையாவது கூட இருக்க வேண்டும். மீற்றர் இல்லை என்றால் ஈரத்துணியால் கம்பியில் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள், அது விரைவாகக் காயாவிட்டால் பிறஷ்ஷைத் தொட வேண்டாம். காலையில் பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள். வேலை சோளகக் காற்றுக் காலத்துக்கு இழுபட்டால் மத்தியானத்தில் தூசி எழும்பி ஈரப்பெயின்றில் உமி ஒட்டும், மில்லுக்குள் கேட்கவா வேண்டும். அவிக்கிற அன்று அந்தப் பக்கம் அடிக்கவே கூடாது.

கனகராயன் கரை:
சரி, கேற் கதையை விடுவோம். எவ்வளவு பெயின்ற் வாங்க வேண்டும்?

வவுனியா பெயின்ரர்:
நாலுக்கு இரண்டு அங்குலப் பொக்ஸ்பாரின் சுற்றளவு ஒரு அடி. 20 அடி நீளம் ஒன்றுக்கு 20 சதுர அடி. டின்னில் சொலிட் (காய்ந்தபின் மிஞ்சுகிற பங்கு) 50 வீதம் என்று இருந்து, காய்ந்தபின் 50 மைக்ரோன் வேண்டுமென்றால், லீற்றருக்குக் கணக்குப்படி 10 சதுர மீற்றர், அதாவது 107 சதுர அடி வரும். கையால் அடிக்கும்போது சிந்தல், மூலை எல்லாம் போக மூன்று, நாலு நீளத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஈரத்தில் 100 மைக்ரோன் விழுந்தால்தான் காய்ந்து 50 ஆகும். தின்னரைக் கூட ஊற்றினால் அந்தக் கணக்கும் போய்விடும்.

தண்ணிமுறிப்பான்:
சுவர்க் கதையை ஒருவரும் தொடவில்லை. மில்பொடியன், அது வேறு வருத்தம். தொட்டித் தண்ணீர் சுவருக்குள் ஏறி, வெளியே வந்து காயும்போது உப்பை விட்டுப் போகிறது, எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்தல் அடியில் படிகிறதைப் பார்த்தால் தெரியுமே. பெயின்ற் கழன்ற இடத்தில் பொலித்தீன் துண்டொன்றை நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்படியென்றால் தொட்டியின் கசிவை அடைக்காமல் எந்தப் பெயின்றும் நிற்காது. உப்பைக் காய்ந்த பிறஷ்ஷால் தட்டி எடுங்கள், கழுவினால் திரும்ப உள்ளே போகும்.

மில்பொடியன்:
பொலித்தீன் ஒட்டிப் பார்த்தேன், துளி துளியாக வேர்த்திருக்கிறது. தொட்டியின் மூலையில் மயிரிழை வெடிப்பு ஒன்றும் கண்டேன். முதலில் அதை அடைக்கிறேன். அப்பாவுக்கு உரிந்த துண்டைக் காட்டினேன், பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு எனாமல் டின்னைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். கடைசியாக ஒரு கேள்வி: இரண்டு டின்னையும் முழுதாகக் கலக்கலாமா?

வவுனியா பெயின்ரர்:
வேண்டாம் தம்பி. கலந்த பிறகு நேரம் ஓடத் தொடங்கும். டின்னில் போட்டிருக்கிற நேரம் பெரும்பாலும் 20, 25 பாகைக்கு, எங்கள் வெயிலில் அது வெகுவாகக் குறையும். டின்னில் உள்ள விகிதத்திலேயே அளந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள், நிழலில் வையுங்கள். கெட்டியாகத் தொடங்கினதைத் தின்னர் விட்டு இளக்கி அடிக்க வேண்டாம். மாஸ்க், கையுறை போடாமல் அதைத் தொடவும் வேண்டாம்.