திருநெல்வேலியில் பாளை (பாளையங்கோட்டை) பக்கம் பால், நெய் இல்லாத சாப்பாடு எங்கே கிடைக்கும்?

தங்கை பெங்களூரில் இருந்து வரும் சனிக்கிழமை வருகிறாள். இரண்டு வருடமாக வீகன். பால், தயிர், நெய், தேன் எதுவும் தொடமாட்டாள். போன தடவை வண்ணார்பேட்டையில் கூட்டம் அள்ளும் ஒரு கஃபேக்குக் கூட்டிப் போனேன். "சுத்த சைவம்தான் சார்" என்றார்கள். தோசையில் நெய் மிதந்தது, குருமாவில் தயிர். கடைசியில் பால் விடாத கருப்பட்டிக் காபியோடு எழுந்துவிட்டாள்.

அப்புறம் ஜங்ஷன் பக்கம் மூன்று ஓட்டலில் விசாரித்தேன். நல்லெண்ணெய் விட்டுத் தோசை தருவார்களாம், ஆனால் அதே கல்லில்தான் நெய் ரோஸ்டும். போனில் கேட்டால், "வீகன்னா முட்டை போடாததா?" என்கிறார்கள். நம்ம ஊர்ச் சொதிக் குழம்பு தேங்காய்ப்பாலில் செய்வது, அவளுக்கு ஒத்துவரும். அது மறுவீட்டு விருந்தில்தான் கண்ணில் படுகிறது. (அல்வாவை விட்டுவிடுங்கள், அது முழுக்க நெய்.)

சனிக்கிழமை மதியம் பாளை, ஜங்ஷன் வட்டாரத்தில் சொதிச் சாப்பாடு போடும் ஓட்டலோ மெஸ்ஸோ எது?